'கொண்டுவரப்பட்டது' என்கிறார்கள்; கொண்டுவந்தவர்கள் யார்?

எங்கள் ஊர் ஆலயத்தில் ஒரு பைப் ஆர்கன் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. அதற்கு நூறு வயது ஆனதையொட்டி ஒரு மலர் வெளியிட்டார்கள். மிஷன் காலத்துக் கணக்கேடுகளை வைத்து முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருப்பவள் நான். அதனால் "நம்ம பிள்ளைதானே, நாலு பக்கம் எழுதிக் கொடும்மா" என்று மலர்க்குழுவில் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன்.

அந்தக் கட்டுரையில் இரண்டு பத்தி என் தாத்தாவைப் பற்றியது. மின்சார மோட்டார் வருவதற்கு முன்பு அந்த ஆர்கனுக்குக் காற்றடித்தவர் அவர். ஆர்கனின் பக்கவாட்டில், சபையார் கண்ணில் படாத ஒரு சந்தில், நீளமான மரக் கைப்பிடி இருக்கும். அதை விடாமல் ஏற்றி இறக்கினால்தான் உள்ளே இருக்கும் துருத்தி நிரம்பும். பக்கத்தில் ஒரு கயிற்றில் சின்ன ஈயக் குண்டு தொங்கும். துருத்தியில் காற்று குறையக் குறையக் குண்டு மேலே ஏறும். அங்கே கிழித்திருக்கும் கோட்டை அது தாண்டிவிட்டால் பாட்டின் நடுவில் ஆர்கன் தொண்டை கட்டினாற்போல இழுத்து நின்றுவிடும். "பாட்டு என்னன்னு எனக்குத் தெரியாதும்மா. குண்டுதான் தெரியும்" என்பார் தாத்தா. பிரசங்க நேரத்தில் மட்டும் அவருக்கு ஓய்வு. அப்போது சந்து வழியாக வெளியேறி, ஆலயத்தைச் சுற்றி வந்து, எங்கள் தெருக்காரர்கள் உட்காரும் கடைசிப் பாயில் உட்காருவார். முன்னால் கிடந்த பெஞ்சுகள் யாருக்கு என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரியும்.

மலர்க்குழுச் செயலாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். எனக்கே பாடம் எடுத்தவர். கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தார். "நல்லா எழுதியிருக்கம்மா. அந்த ரெண்டு பத்தியை மட்டும் எடுத்துரு. பண்டிகையும் அதுவுமா பழசை ஏன் கிளறணும்?"

"சார், மலரே பழசைப் பத்தித்தானே சார்?" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. பத்திகளை எடுக்க நான் சம்மதிக்கவில்லை. கட்டுரை வரவில்லை.

மலர் வந்தது. வழவழப்பான தாளில் வண்ணப் படங்களுடன் நன்றாகத்தான் இருந்தது. ஆர்கன் செய்த கம்பெனியின் பெயர், நன்கொடை கொடுத்த துரைமார் பெயர், வாசித்தவர்களின் பெயர், பிரதிஷ்டை செய்த பேராயரின் பெயர் எல்லாம் இருந்தன. முதல் பக்கத்தில் ஒரு வாக்கியம்: 'கொண்டுவரப்பட்டு, நிறுவப்பட்டு, இன்றளவும் இசைக்கப்பட்டு வருகிறது.' மூன்று வினை, மூன்றிலும் 'பட்டு'. ஒன்றிலும் ஆள் இல்லை.

இந்தச் செயப்பாட்டு வினையை நான் வேறொரு ஆலயத்தின் வரலாற்றிலும் படித்திருக்கிறேன். உலகம் கொண்டாடும் ஆர்கன் அது. பிரேசில் நாட்டில், மரியானா என்ற ஊரின் பேராலயத்தில் இருக்கிறது. எங்கள் ஊர் மலரில் விடுபட்டது தற்செயலா, பழக்கமா என்று புரிந்துகொள்ள எனக்கு உதவியது அந்த ஆர்கனின் கதைதான். அதனால் அதை இங்கே சொல்கிறேன்.

ஹாம்பர்க்கிலிருந்து மரியானாவுக்கு

ஆர்ப் ஷ்னிட்கர் என்று ஜெர்மனியில் ஓர் ஆர்கன் தச்சர் இருந்தார். 1648இல் பிறந்து 1719இல் இறந்தவர். வட ஐரோப்பாவில் 150க்கும் மேற்பட்ட ஆர்கன்களைச் செய்தும் திருத்தியும் கொடுத்தவர். இன்றைக்கும் ஆர்கன் கலைஞர்கள் அவர் பெயரை மரியாதையோடு சொல்வார்கள். மரியானா ஆர்கன் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாம்பர்க்கில் அவருடைய பட்டறையில் செய்யப்பட்டது என்று கருதப்படுகிறது. முதலில் போர்ச்சுகலுக்குப் போனது. பிறகு அங்கிருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டி, 1753இல் மரியானா பேராலயத்தில் ஏறியது. போர்ச்சுகல் அரச குடும்பம் புதிய மறைமாவட்டத்துக்கு அளித்த கொடை அது. இப்படித்தான் கதை சொல்லப்படுகிறது.

1930களில் அது ஊமையாகிப் போனது. அரை நூற்றாண்டு கழித்து அதன் குழாய்கள் திரும்பவும் ஹாம்பர்க் போய்ச் சீர் செய்யப்பட்டு வந்தன. 1984இல் மறுபடி ஒலித்தது. ஐரோப்பாவுக்கு வெளியே இப்படி ஒரு ஆர்கன் கிடையாது என்று இசை அறிஞர்கள் எழுதுகிறார்கள். அதன் பதிவுகளை நான் கேட்டிருக்கிறேன். அழகு என்றால் அழகுதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் மரியானா எப்படிப்பட்ட ஊர்? கடற்கரையில் இருக்கும் துறைமுகம் அல்ல. ரியோ டி ஜெனிரோவிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உள்ளே, மலைகளுக்கு நடுவே இருக்கிறது. அவ்வளவு தூரத்தில், காட்டுக்குள், ஒரு பேராலயமும் ஆயரும் ஐரோப்பாவின் மிக உயர்ந்த இசைக்கருவியும் ஏன்? தங்கம் இருந்தது. 1696இல் அந்த ஓடைக்கரையில் தங்கம் கிடைத்தது. அந்தப் பகுதிக்கே மினாஸ் ஜெராய்ஸ் என்றுதான் பெயர். மினாஸ் என்றால் சுரங்கங்கள். 1745இல் அந்த ஊர் நகரமானது. போர்ச்சுகல் அரசி மரியா அன்னாவின் பெயரை அதற்கு வைத்தார்கள். அதே ஆண்டில் அது மறைமாவட்டத் தலைநகரும் ஆனது.

தங்கத்தைத் தோண்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுபோகப்பட்ட கருப்பின அடிமைகள். முதுகுப் பலத்துக்காக மட்டும் அவர்களைப் பிடித்துப் போகவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் மினா கடற்கரைப் பக்கத்து மக்களுக்குத் தங்கம் அரித்தெடுக்கும் தொழில் தெரியும் என்பதால், சுரங்க முதலாளிகள் அவர்களைத் தேடி விலைக்கு வாங்கினார்கள். இடுப்பளவு குளிர்ந்த நீரில் நாள் முழுக்க நின்று, மரத்தட்டில் மணலை அலசி அலசித் தங்கத்தைப் பிரித்தார்கள். அறிவும் அவர்களுடையது, உடம்பும் அவர்களுடையது, தங்கம் மட்டும் வேறொருவருடையது. அதில் ஐந்தில் ஒரு பங்கு அரசனுக்கு வரி.

இப்போது 'அரச குடும்பத்தின் கொடை' என்பதைத் திரும்பப் படியுங்கள். அந்த மலையிலிருந்து அடிமைகள் எடுத்த தங்கத்தில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்ட அரண்மனை, அதே மலைக்கு ஓர் ஆர்கனை அனுப்பி வைத்தது. எங்கள் பக்கம் இதை எடுத்துப் பரிமாறுவது என்பார்கள். வீட்டுக்காரன் அரிசியையே வாங்கிப் பொங்கி, அவனுக்கே ஒரு கை போட்டுவிட்டு, அன்னதானம் என்று பெயர் வாங்குவது.

அதுவும் அந்த வீட்டுக்காரனுக்குப் போடவில்லை. ஆர்கன் போய்ச் சேர்ந்தது ஆயரின் பேராலயத்துக்கு.

ரியோ துறைமுகத்திலிருந்து மினாஸுக்குப் போகும் பாதை மலைத்தொடரைத் தாண்டிப் போகும் பாதை. வண்டி போகாது. சாமான்கள் எல்லாம் கோவேறு கழுதைகள் மேலும் மனிதர்கள் தோள் மேலும்தான் போயின. அந்தக் காலத்தில் அந்த வழியில் சுமை ஏற்றியதும் இறக்கியதும் கழுதைகளை ஓட்டியதும் பெரும்பாலும் அடிமைகள். ஆர்கன் என்பது ஒரே பொருள் அல்ல. நூற்றுக்கணக்கான உலோகக் குழாய்கள், மரப் பெட்டிகள், துருத்திகள். ஈயமும் வெள்ளீயமும் கலந்த குழாய் கொஞ்சம் நசுங்கினாலும் சுரம் கெட்டுப்போகும். பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். மரியானா ஆர்கனைப் பற்றி நான் வாசித்த குறிப்புகளில் செய்தவர் பெயர் இருக்கிறது, கொடுத்தவர் பெயர் இருக்கிறது, வாங்கிக்கொண்ட ஆயர் மனுவேல் டா குரூஸ் பெயர் இருக்கிறது. தூக்கியவர்கள் வரும் இடத்தில் மட்டும் 'கொண்டுவரப்பட்டது'.

தமிழில் 'படு' என்ற சொல்லுக்கே துன்பப்படுதல் என்ற பொருள் உண்டு. பட்டவர்களுக்குத்தான் தெரியும் என்கிறோம். கொண்டுவரப்பட்டது ஆர்கன். பட்டது யார்?

நிறத்துக்கு ஒரு கோயில்

சரி, கொண்டுவந்து வைத்த பிறகாவது அந்த இசை எல்லாருக்கும் பொதுவாக இருந்ததா?

மினாஸ் பகுதியில் துறவற சபைகள் காலூன்ற அரசன் அனுமதிக்கவில்லை. சந்நியாசிகள் தங்கத்தைக் கடத்திவிடுவார்கள் என்ற பயம். அதனால் கோயில் கட்டியதும் திருவிழா நடத்தியதும் பொதுநிலையினரின் சபைகள். நம் கடற்கரைக் கத்தோலிக்கர்கள் கொம்பிரியர் சபை என்று சொல்வார்களே, அதே அமைப்புதான். அந்தச் சொல்லே போர்ச்சுகீசியர் விட்டுப்போனது. மினாஸில் இந்தச் சபைகள் நிறவாரியாகப் பிரிந்து கிடந்தன. வெள்ளையருக்குத் தனிச் சபை, கலப்பினத்தவருக்குத் தனிச் சபை, கருப்பருக்குத் தனிச் சபை. வெள்ளையர் சபைகள் சிலவற்றில் சேர வேண்டுமானால் 'இரத்தத் தூய்மை'யை நிரூபிக்க வேண்டும். கருப்பினத்தவர் ஜெபமாலை அன்னையின் பெயரில் தங்களுக்கென்று கோயில் கட்டிக்கொண்டார்கள். மரியானாவிலும் அப்படி ஒரு கோயில் உண்டு.

அதே ஊரின் நடுவில் ஒரு சதுக்கம். அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அழகான கோயில்கள். ஒன்று பிரான்சிஸ்கன் சபையினருடையது, மற்றொன்று கார்மேல் சபையினருடையது. எதிரே நகரசபையும் சிறையும். நடுவில் ஒரு கல் தூண். அடிமைகளைக் கட்டிவைத்துச் சாட்டையால் அடித்த தூணின் நினைவாக அதை மறுபடி எழுப்பி வைத்திருக்கிறார்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் அந்தத் தூணைப் பார்க்காமல் போயிருக்க முடியாது.

இந்த இடத்தில் 'இதற்கும் நமக்கும் என்ன?' என்று யாராவது கேட்கலாம். சொந்தம் இருக்கிறது. நம் சமூகத்தில் பார்த்த பிரிவினைக்குப் பெயர் வைக்கப் போர்ச்சுகீசியர் பயன்படுத்திய சொல் 'காஸ்டா'. ஆங்கிலத்தில் அது கேஸ்ட் ஆனது. வம்சம், இனம் என்பது அதன் பொருள். இரத்தத் தூய்மை பேசிய அதே மனிதர்கள் இங்கே வந்து சாதியைப் பார்த்தபோது அவர்களுக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. மயிலாப்பூர் மறைமாவட்டமும் மரியானா மறைமாவட்டமும் ஒரே போர்ச்சுகல் அரசனின் ஞான ஆதரவு உரிமையின் கீழ் இருந்தவை. இரண்டு இடத்திலும் ஒரே சிலுவை, ஒரே பூசை, பிரிந்து உட்கார ஏற்பாடு.

நம் ஊர்க் கணக்கையும் மறைக்க வேண்டாம். நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கத்தோலிக்கக் கோயிலைக் கவட்டை போல இரண்டு கைகளாகக் கட்டினார்கள். ஒரு கையில் வேளாளர், மறு கையில் நாடார். பீடத்தில் நிற்கும் சாமியாருக்கு இரண்டு பக்கமும் தெரியும், ஒரு பக்கத்தார் மறு பக்கத்தாரைப் பார்க்க முடியாது. 1910இல் அந்தத் தடுப்பை இடித்தபோது, தடுப்பு வேண்டும் என்று வேளாளர் தரப்பு நீதிமன்றம் போனது. சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்கு நடந்து தோற்றது.

இசையும் இந்தச் சண்டைக்கு வெளியே இருந்ததில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் தமிழ்க் கிறிஸ்தவப் பாடல் மரபின் பெரிய பெயர். 1829 வாக்கில் புதிய மிஷனரிகள் செய்யும் கொடுமைகள் என்று அவர் ஒரு பட்டியல் எழுதினார். தமிழ்ப் பாடல்களை ஆலயத்தில் தடுப்பது ஒரு கொடுமை. எல்லாச் சாதியாரையும் ஒன்றாகக் கலக்கச் சொல்வது இன்னொரு கொடுமை. இரண்டும் ஒரே பட்டியலில்! முதலாவதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் 'நம் இசை' என்று அவர் சொன்னபோது அந்த 'நம்'முக்குள் சேரி இருந்ததா என்பதற்கு அந்தப் பட்டியலே பதில் சொல்கிறது.

காற்று யாருடையது?

ஆர்கனைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை இசைக்கருவிகளின் ராஜா என்பார்கள். மற்ற கருவிகளிலிருந்து அது ஒரு விஷயத்தில் வேறுபடுகிறது. நாதஸ்வரக்காரர் தன் மூச்சால் ஊதுகிறார். வீணை வாசிப்பவர் தன் விரலால் மீட்டுகிறார். ஆர்கன் வாசிப்பவர் கட்டையை அழுத்தும்போது ஒரு கதவு திறக்கிறது, அவ்வளவுதான். ஒலியை எழுப்பும் காற்று ஏற்கெனவே வேறொருவர் அடைத்து வைத்தது. மின்சாரம் வரும்வரை பெரும்பாலான ஆர்கன்களுக்கு இரண்டு ஆள் தேவை. ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். பெரிய ஆர்கனுக்குப் பின்னால் நான்கைந்து பேர்கூட.

ஜெர்மனியில் இந்தப் பின்னால் நின்றவருக்குக் கல்கன்ட் என்று பெயர். மிதிக்கிறவர் என்று பொருள். துருத்திப் பலகை மேல் ஏறி நின்று, உடல் எடையால் மிதித்து இறக்குவார். பாக் வாசித்த ஆர்கன்களுக்கும் மிதித்தவர்கள் இருந்தார்கள். பாக் எழுதிய ஒவ்வொரு சுரத்துக்கும் அவர்கள் கால் விழுந்திருக்கிறது. சில ஆலயங்களில் ஆர்கனுக்குப் பின்னால், யாரும் பார்க்காத மரப்பலகையில், மிதித்தவர்கள் தங்கள் பெயரையும் வருடத்தையும் கத்தியால் கீறி வைத்திருக்கிறார்கள். யாரும் எழுதி வைக்கமாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

துருத்தி எதனால் ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். மரமும் தோலும். மடிப்புகள் எல்லாம் தோல். காற்றுக் கதவுகளின் அடியில் ஒட்டியிருப்பதும் தோல்தான். பதப்படுத்திய ஆட்டுத்தோல் இல்லையென்றால் காற்று கசிந்துவிடும். நம் நாட்டில் தோலைத் தொட்டவன் தீட்டு என்று ஊருக்கு வெளியே தள்ளினார்கள். அதே தோலை வைத்து மிருதங்கம் வாசித்தவர்கள் மேடையில் உட்கார்ந்தார்கள். தோல் எடுத்து மிருதங்கம் செய்து கொடுத்த தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். கச்சேரி வரலாறு எவ்வளவோ எழுதப்பட்ட நாட்டில் மிருதங்கம் செய்தவர்களைப் பற்றி அப்படி ஒரு நூல் வர 2020 ஆக வேண்டியிருந்தது.

ஐரோப்பாவில் ஆர்கன் செய்தவர் பெயராவது நிலைத்தது. ஷ்னிட்கர் தச்சுக் குடும்பத்துப் பிள்ளை. 300 ஆண்டு கழித்து அவர் பெயர் சொல்லிக் கச்சேரி நடக்கிறது. நம் ஊரில் வாசிப்பவர் மட்டும்தான் வித்வான். செய்பவர் கைவேலைக்காரர். கையால் செய்வதற்குக் கீழ்மை கற்பித்தது சாதி. அந்தக் கீழ்மையைக் கோயிலுக்குள் மட்டுமல்ல, ஆலயத்துக்குள்ளும் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறோம்.

கருவியின் குற்றம் அல்ல

அப்படியானால் ஆர்கனைத் தூக்கி எறிந்துவிடலாமா? சில தோழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். வெள்ளைக்காரன் கருவி, ஆதிக்கத்தின் கருவி, நமக்கு எதற்கு என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அதற்கும் மினாஸில்தான் எனக்குச் சான்று கிடைத்தது.

லோபோ டி மெஸ்கிட்டா என்று ஒருவர். 1746 வாக்கில் மினாஸில் பிறந்தவர். அப்பா போர்ச்சுகீசியர், அம்மா அவருடைய அடிமைப் பெண். அந்தப் பிள்ளை ஆர்கன் கலைஞரானார். இன்று டயமன்டினா என்று அழைக்கப்படும் வைரச் சுரங்க ஊரில், 1780களில் உள்ளூரிலேயே செய்த ஆர்கன் ஒன்றை வாசித்தார். திருவிழாக்களுக்கும் பூசைகளுக்கும் இசை எழுதினார். 1805இல் ரியோவில் இறந்தார். அவர் ஒருவர் மட்டும் அல்ல. 18ஆம் நூற்றாண்டு மினாஸின் இசைக்கலைஞர்களில் பெரும்பாலோர் கலப்பினத்தவர். அவர்கள் எழுதிய சுவடிகள் கோயில் அலமாரிகளிலும் வீட்டுப் பெட்டிகளிலும் கிடந்தன. 1940களில் குர்ட் லாங்கே என்ற இசை ஆய்வாளர் தேடி எடுத்த பிறகுதான் வெளியுலகம் அவற்றை அறிந்தது. அடிமைத் தாயின் பிள்ளை ஆர்கன் முன்னால் உட்கார்ந்து வாசித்திருக்கிறான் என்ற செய்தியே நூற்றைம்பது ஆண்டு தூசிக்குள் கிடந்திருக்கிறது. கருவி அவரை மறுக்கவில்லை. மறந்தது சமூகம்.

இன்னொன்றும் நடந்தது. பேராலயத்துக்குள் ஆர்கன் ஒலித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், ஜெபமாலை அன்னை கோயில்களின் முற்றத்தில் கருப்பின மக்கள் மேளம் அடித்தார்கள். தங்களுக்குள் ராஜா, ராணி முடிசூட்டி ஊர்வலம் போனார்கள். சபையில் பணம் சேர்த்து உறுப்பினர்களை அடிமைத்தனத்திலிருந்து விலைகொடுத்து மீட்டார்கள், இறந்தவர்களை மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அந்த மேள ஊர்வலம் கொங்காடோ என்ற பெயரில் இன்றும் மினாஸில் நடக்கிறது. திருச்சபை மேலிடம் அந்த மேளங்களைக் கோயிலுக்கு வெளியே நிறுத்திய காலமும் உண்டு. பறையை வாசலில் நிறுத்திய நமக்கு இது புதிய செய்தி அல்ல.

நம்மிடம் இந்தக் கேள்வியை நேராக எடுத்தவர் ஜே. தியோஃபிலஸ் அப்பாவு. பறட்டை அண்ணன் என்று மாணவர்கள் அழைத்தவர். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இசை கற்பித்தவர். ஆலயத்தில் ஒலிக்கும் மேற்கத்திய இசை வசதி படைத்தவர்களின் அடையாளமாகவும், கர்நாடக இசைக் கீர்த்தனை ஆதிக்கச் சாதிப் பண்பாடாகவும் இருக்கிறது, உழைக்கும் மக்களின் நாட்டார் இசை எங்கே என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல் கிராமிய இசையிலேயே வழிபாடு அமைத்துப் பாடிக் காட்டினார். 2005இல் மறைந்தார். எந்தக் கருவி உயர்ந்தது என்று நாம் விவாதித்துக்கொண்டே இருக்கிறோம். எந்த மனிதர் கேட்கத் தகுந்தவர் என்பதுதான் அவர் எழுப்பிய விவாதம்.

'பழசை ஏன் கிளற வேண்டும்?'

ஆசிரியர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். "உன் தாத்தாவை யாரும் அடிக்கவில்லையே, கூலி கொடுத்தோமே, சபையார் எல்லாரும் அவரிடம் அன்பாகத்தானே இருந்தோம்" என்றும் சொன்னார். உண்மைதான். அடிக்கவில்லை, கூலியும் கொடுத்தார்கள்.

மினாஸின் அடிமை முறையும் எங்கள் ஊர்ச் சாதியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. சந்தையில் விற்கப்பட்ட மனிதரின் வலியைக் கடன் வாங்கிப் பேசுவது சரியல்ல. பிரேசிலுக்கு மட்டும் சுமார் 48 லட்சம் ஆப்பிரிக்கர்களைக் கப்பலில் கொண்டுபோய் இறக்கினார்கள். 1888இல்தான் அங்கே அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அமெரிக்கக் கண்டத்திலேயே கடைசி. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மரபு நமக்கு உண்டு. ஜோதிராவ் புலே 1873இல் எழுதிய 'குலாம்கிரி'யை அடிமை முறையை எதிர்த்துப் போராடிய அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946இல் டபிள்யூ.ஈ.பி. டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஒன்று மற்றொன்றைப் புரியவைக்கும் என்பதால்தான் அவர்கள் அப்படிச் செய்தார்கள்.

எனக்குப் புரிந்தது இதுதான். ஆதிக்கம் சாட்டையால் மட்டும் நடப்பதில்லை. சாட்டை ஓய்ந்த பிறகும் ஏட்டில் நடக்கிறது. யாருடைய பெயரை எழுத வேண்டும், யாருடைய வேலையைச் செயப்பாட்டு வினைக்குள் போட்டு மூட வேண்டும் என்று முடிவு செய்யும் கை இன்னும் அதே கைதான். கூலி கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்தது என்கிறார்கள். அப்படியானால் வாசித்தவருக்கும் சம்பளம் கொடுத்தார்களே, அவர் பெயர் மட்டும் மலரில் எப்படி வந்தது?

'அன்பாக இருந்தோம்' என்பதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். என் ஆய்வுக்காகப் பழைய சம்பளப் பதிவேடுகளைப் பார்க்கிறேன். குருவானவருக்குப் பெயர், உபதேசியாருக்குப் பெயர், ஆர்கன் வாசிப்பவருக்குப் பெயர். அதன் கீழே 'துருத்தி ஆள்' என்று ஒரு வரி, ஒரு தொகை. பெயர் இல்லை. ஆண்டுக்காண்டு ஏடு மாறுகிறது, கையெழுத்து மாறுகிறது, அந்த வரி மாறவில்லை. இப்படி ஒரு வரியில்தான் என் தாத்தாவும் எங்கோ இருப்பார். பழசைக் கிளறவில்லை சார், பழசில் ஒரு வரி காலியாகக் கிடக்கிறது, அதை நிரப்பக் கேட்கிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு வாய் வரவில்லை.

என்ன செய்யலாம்?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் நூறு, இருநூறு ஆண்டு கடந்த ஆலயங்கள் நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றும் மலர் போடுகிறது, கல்வெட்டு வைக்கிறது. அந்த மலரில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கல் சுமந்தவர்கள், மணி அடித்தவர்கள், துருத்தி அடித்தவர்கள், கல்லறைக் குழி வெட்டியவர்கள், ஆலயம் கூட்டியவர்கள். அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள், ஆலயத்துக்குள் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஏட்டில் பெயர் இல்லை என்று கைவிரிக்க வேண்டாம். அந்தத் தெருவில் போய்க் கேளுங்கள். எழுபது, எண்பது வயதுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்னும் பத்து ஆண்டு போனால் அவர்களும் இருக்கமாட்டார்கள்.

நம் தோழர்களிடமும் ஒரு வேண்டுகோள். கோயில் கட்டியது ராஜராஜனா என்று கேட்கிறோம். அணை கட்டியது பொறியாளர் மட்டுமா என்று கேட்கிறோம். அதே கேள்வியை ஆலயத்தைப் பார்த்தும் கேட்போம். கிறிஸ்தவத்துக்குள் இருக்கும் சாதியைப் பேசினால் சங்கிகளுக்கு வசதியாகிவிடும் என்று வாயை மூடிக்கொள்வது, சேரிக் கிறிஸ்தவர்களை மீண்டும் ஒரு முறை கடைசிப் பாயில் உட்கார வைப்பதுதான்.

மலர் வெளியீட்டு விழாவுக்கு நான் போயிருந்தேன். ஆர்கன் வாசித்தார்கள். இப்போது மோட்டார்தான் காற்றடிக்கிறது. கூட்டம் கலைந்த பிறகு அந்தச் சந்துக்குள் போய்ப் பார்த்தேன். கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள், அது இருந்த ஓட்டையில் மரத்துண்டு வைத்து அடைத்திருக்கிறது. ஈயக் குண்டு இல்லை. கயிறு உரசி உரசி மரத்தில் விழுந்த கோடு மட்டும் இருக்கிறது. கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். மலரில் வராத இரண்டு பத்தியை என் ஆய்வேட்டில் சேர்த்திருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் அந்தப் படம் வரும். படத்தின் கீழே தாத்தாவின் பெயர் வரும்.